இடைப்படங்கள்

கோபோ என்று பெயர் வைத்தவன் மினாகாவா.
நெரிமாக் கடைத்தெருவில் கட்டுக்கட்டாக விற்கும்
மண்ணொட்டிய நீளக் கிழங்கின் பெயர் அது.
நிறம் சரி. நீளமும் சரி.
உடம்பு ஒரு பங்கு, வால் இரண்டு பங்கு.
முதலில் வாலைச் செய்துவிட்டு
மிஞ்சிய களிமண்ணில் பல்லியைச் செய்ததுபோல.
சத்தமே போடாது.
நல்லதும் சொல்லாது, கெட்டதும் சொல்லாது.

என் பிழைப்பு இடைப்படம் வரைவது.
மூத்த ஓவியர் முதல் நிலையைத் தருவார்,
கடைசி நிலையைத் தருவார்:
கை மேசைமேல், கை கதவில்.
நடுவே கை போன வழியெல்லாம் என் பாடு.
நொடிக்கு இருபத்துநான்கு கட்டம்,
தாளுக்கு இருநூற்றுச் சொச்சம் யென்.

கோபோவுக்கு இடைப்படம் கிடையாது.
காய்ந்த இலைமேல் இருக்கிறது.
கண்ணாடி மூலையில் இருக்கிறது.
சிலந்தி இருக்கிறது.
சிலந்தியின் ஒரு கால்
வாயோரம் இருக்கிறது.

அந்த வாரம் வந்த காட்சியில்
மதில்மேல் ஒரு பல்லி ஓடவேண்டும். இரண்டே நொடி.
நான் வரைந்ததை ட்சுபோய்
சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்பினார்:
"இது ஓடவில்லை, வழுக்குகிறது."
இரண்டாம் முறையும் அதே சுழி,
இன்னும் அழுத்தி.

நாற்காலியைத் தொட்டியோரம் இழுத்துப் போட்டேன்.
விளக்குச் சூட்டில் பின்னங்கால் இரண்டையும்
தரையிலிருந்து தூக்கி முதுகுப்பக்கம் மடித்து
வயிற்றில் மட்டும் படுத்திருந்தது,
அலுவலகமே இல்லாத ஊரில் பிறந்ததுபோல.
கீழிமை மேலே ஏறி
ஒரு கண்ணை மட்டும் மூடியது.
மற்றது என்னைப் பார்த்தது.

ஓட்டம் என்று நினைத்ததில் பாதி நிற்பது.
மூன்று எட்டு, நிற்கும். தலை மட்டும் திரும்பும்.
உடம்பு அப்புறம்தான் சம்மதிக்கும்.
அதற்குள் தலை வேறு எங்கோ பார்த்துவிடும்.
வால் இன்னும் பழைய இடத்திலேயே கிடக்கும்,
கிளம்பிவிட்டோம் என்ற செய்தி
கடைசிப் பெட்டிக்கு எட்டாத ரயில்மாதிரி.

வியாழன் இரவு
தொட்டி கழுவ மூடியைத் திறந்தேன்.
என் மணிக்கட்டு, முழங்கை, மேசை
(எந்த வரிசையில் என்று கேட்காதீர்கள்),
வரைவிளக்கின் வெள்ளை வெளிச்சத்தின் நடுவில்
கரிக்கோடாக நின்றது.
உள்ளங்கையைக் குவித்து மூடினேன்.
கைக்குள் ஏதோ முறிந்தது,
பச்சைக் காம்பு ஒடிவதுபோல, சத்தமில்லாமல்.

கோபோ இல்லை. வால் மட்டும் இருந்தது.
துள்ளியது. எட்டுப் போட்டது.
நுனியால் எதையோ எழுதி எழுதி அழித்தது.
என் இடது கையில் பென்சில் இருந்தது.
வரைந்தேன்.
அது அடங்குவதற்குள் பதினொரு தாள்.
வெட்கம் பன்னிரண்டாம் தாளில்தான் வந்தது.

குளிர்பெட்டியை நகர்த்தினேன்.
டார்ச்சும் கையுமாகத் தரையெல்லாம் தவழ்ந்தேன்.
கீழ்வீட்டு ஓகிசோ அம்மா மேலே வந்து
இந்நேரத்தில் என்ன உருட்டல் என்றாள்.
சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு
அவளும் தவழ்ந்தாள்.

நான்காம் நாள் காலை
திரைச்சீலை மடிப்பில் ஒரு கைக்குட்டை அகல வெயில்.
அதில் படுத்திருந்தது,
பின்னங்கால் இரண்டையும் மடித்துக்கொண்டு,
ஒன்றுமே நடக்காததுபோல,
மூன்றில் ஒரு பங்கு நீளத்தில்.

காட்சி தேறிவிட்டது. சிவப்பு இல்லை.
வால் மட்டும் உயிரோடு இருக்கிறதே,
எப்படிப் பிடித்தாய் என்றான் மினாகாவா.
காபி ஆறிவிட்டது என்றேன்.

இப்போது முறிந்த இடத்தில்
மொட்டையாக, கருப்பாக ஒரு முளை.
நேற்று வெட்டுக்கிளிக் குஞ்சை நோக்கிப் பாய்ந்தது.
இடப்பக்கம் சாய்ந்தது, முன்கால் அகன்றது,
தாடை காற்றைக் கவ்வியது,
குச்சியைத் தாண்டி விழுந்து
தானே திகைத்து நின்றது.

கோபோ போன வழியை
முதல்முறையாக முழுதாகப் பார்த்தேன்.
ஏழு கட்டம் இருக்கும், எட்டாகவும் இருக்கலாம்.
வரையவில்லை.
கண்ணாடியில் தண்ணீர் தெளித்தேன்.
ஒரு துளியை விட்டுவிட்டு
அடுத்த துளியை நக்கியது.